பலாப்பலகையும் அரைக்கால் பங்கும்

நம் முன்னோர் வீடு கட்டியபோது, பொருள் வைக்கும் இடத்தையும் சுவருக்குள்ளேயே வைத்துக் கட்டினார்கள். விளக்குக்கு ஒரு மாடம். அதற்கும் மேலே, குழந்தைகளின் கை எட்டாத உயரத்தில், குர்ஆனும் கிதாபுகளும் வைக்க ஒரு மாடம். பூட்டுச் சாவியோடு ஒரு சுவரலமாரி. முழக் கனத்துக்குச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய சுவர்களாதலின் அவற்றைக் குடைந்து வைத்தாலும் சுவர் தாங்கிற்று. இன்று ஒன்பது அங்குலத்திலும் நாலரை அங்குலத்திலும் சுவர் வைக்கிறோம். அதில் மாடம் ஏது? சுவருக்குள் இருந்தவையெல்லாம் சுவருக்கு வெளியே வந்து தொங்கத் தொடங்கிவிட்டன.

அறந்தாங்கியில் உள்ள நமது பழைய வீட்டிலும் அந்த மாடங்கள் இருக்கின்றன. ஆனால் அவை கட்டப்பட்ட நாளில் வானொலி இல்லை. வானொலி வந்தபோது அத்தா சுவரில் இரண்டு இரும்புத் தாங்கிகளை அறைந்து, அவற்றின்மேல் ஒரு பலகையை இட்டு, பூவேலை செய்த துணி போர்த்தி அதனை வீற்றிருக்கச் செய்தார்கள். திருச்சி வானொலியும் இலங்கை வானொலியும் அந்தப் பலகையிலிருந்துதான் நம் இல்லத்துக்குள் பேசின. பிறகு ஒலிநாடாப் பெட்டி வந்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட அந்தச் சிறு கேசட்டு, இருபது ஆண்டுகள் கழித்து, நம் கடற்கரை ஊர்களிலிருந்தும் உள்நாட்டு ஊர்களிலிருந்தும் அரபுநாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்களின் கைகளில் ஏறி வீடு திரும்பிற்று. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியது. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பின்னர், கடற்கரையோரத்தில் தென்னை உயரத்துக்குக் கம்பம் நட்டு அதனைப் பிடித்துப் பார்த்தவர்கள் உண்டு. 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கத் தொடங்கியபோது, அந்தப் பெட்டியின் முதுகுக்கு இடம் தேடி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மேசை முன்னால் நகர்ந்தது. இப்போது அந்த முதுகும் இல்லை. படம்போல் சுவரில் மாட்டிவிடுகிறார்கள்.

இவையனைத்தையும் ஒரே இடத்தில், ஒரே பெட்டகத்தில், சுவரிலேயே அமைத்தால் என்ன என்னும் எண்ணம் நமக்கு உதித்ததற்குக் காரணம் ஒரு புயல்.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கரையேறிய இடத்தோடு அது நிற்கவில்லை. தஞ்சை மாவட்டத்தின் தென்பகுதியைக் கடந்து புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் புகுந்து, ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரங்களில் இருந்த தோப்புகளை ஒரே காலைப்பொழுதில் படுக்கவைத்துவிட்டது. பலாவுக்குப் பெயர்போன மண் அது. பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அந்நாள்களில் செல்பேசிகள் எல்லாம் செத்துக் கிடக்க, அம்மாவின் பழைய நேஷனல் பானசோனிக் பெட்டிக்கு நான்கு பாட்டரிக் கட்டைகள் வாங்கிப் போட்டுத்தான் செய்தி கேட்டோம்.

கீரமங்கலத்துக்கு அருகே அத்தா வைத்துப்போன சிறு தோப்பு ஒன்று நமக்கு உண்டு. நாம் போய்ப் பார்த்தபோது தென்னைகள் ஒரே திசையில் தலைவைத்துக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, வேரோடு மண்ணையும் பெயர்த்துக்கொண்டு, அந்தப் பெரிய பலா சாய்ந்திருந்தது. அத்தா மறைந்து அப்போது இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. தொல்காப்பியத்தின் மரபியல், உட்புறம் வைரம் கொண்டதை மரம் என்றும் வெளிப்புறம் வைரம் கொண்டதைப் புல் என்றும் பிரிக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதைப் படித்தபோது தென்னையைப் புல் என்பதா என்று சிரித்தோம். அன்று தோப்பில் நின்றபோது அந்தப் பாகுபாட்டின் பொருள் விளங்கிற்று. தென்னந்தடிகளை அகற்றுவதற்கு நாம்தான் கூலி கொடுக்கவேண்டியிருந்தது. பலாவுக்கோ ஒரு வியாபாரி உடனே விலை பேச வந்தார். ஊரெங்கும் மரம் விழுந்து கிடந்த நேரமாதலால் அவர் கூறிய விலை விறகு விலையாகவே இருந்தது. அதற்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

அடிமரம் ஒன்பது அடி நீளத்துக்கு நேராகத் தேறிற்று. நடுச்சுற்றளவு ஐந்து அடி. மரக்கடைக்காரர் கணக்கு யாதெனில், சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, பின் நீளத்தால் பெருக்குவது. அதன்படி ஒன்றேகாலும் ஒன்றேகாலும் ஒன்பதும் பெருக்க 14 கன அடி. அறுவையில் போவதும், ஓரத்து வெளிறு கழிவதும் நீக்கினால் நல்ல பலகையாக 9 கன அடி தேறும் என்றார் அறுவைமில்காரர். ஏறத்தாழ அவ்வாறே தேறவும் செய்தது. வெளிறு என்பது வைரத்தைச் சூழ்ந்திருக்கும் வெளுத்த பகுதி. பலாவின் வைரத்தைக் கரையான் எளிதில் அண்டாது. வெளிற்றையோ வண்டு துளைத்து மாவாக்கிவிடும். அது பலகையில் இருந்தால் பலகை அகலமாகத் தெரியும் என்பதற்காக விட்டுவைக்கும் கடைக்காரர்களும் உண்டு. வாங்குவோர் பலகையின் ஓரத்தைப் பார்த்து வாங்குவது நலம்.

மில்லிலிருந்து பலகைகள் வந்திறங்கிய அன்றே ஒரு கேள்வி எழுந்தது. இம்மரம் யாருடையது? தோப்பு அப்போது பாகம் பிரிக்கப்படாமல் இருந்தது. அத்தாவின் வாரிசுகள் நால்வர்: அம்மா, நாம், மூத்தவளாகிய ராத்தா, இளைய தங்கை. மார்க்கச் சட்டப்படி பிள்ளைகள் இருக்கையில் மனைவிக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும். முப்பத்திரண்டாக வகுத்தால் அம்மாவுக்கு 4, நமக்கு 14, சகோதரிகளுக்கு ஆளுக்கு 7. நிலத்துக்கு இக்கணக்கைப் பார்ப்பவர்கள் நம்மில் பலர் உண்டு. விழுந்த மரத்துக்கும், வீட்டில் கிடக்கும் அண்டா குண்டாவுக்கும் பார்ப்பவர்கள் குறைவு. "தங்கச்சிதானே, மரத்துக்கா கணக்குக் கேட்கப்போகிறாள்" என்று ஆண்மக்கள் எடுத்துக்கொள்வதும், பெண்மக்கள் கேட்க நாணி இருந்துவிடுவதும் நம் சமுதாயத்தில் காலங்காலமாக நடப்பது. கேட்கவில்லை என்பது கொடுத்துவிட்டாள் என்பதாகாது.

ஒன்பது கன அடியை முப்பத்திரண்டாக வகுத்து நாம் கணக்கிட்டோம். சகோதரிகளுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 2 கன அடி. நமக்கு 4 கன அடிக்குச் சற்றுக் குறைவு. அம்மாவுக்கு ஒன்றும் அரைக்காலும். நாம் மனத்தில் வரைந்திருந்த பெட்டகத்துக்கோ, சேதாரம் சேர்த்து 5 கன அடி வேண்டும். நம் பங்கு போதாது. அம்மாவின் பங்கும் சேர்ந்தால் சரியாகப் போதும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அப்போதைக்குத் தலையசைத்ததோடு சரி. அந்தத் தலையசைப்பின் கனம் மூன்றாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

மூன்றாண்டுகள் என்றது பலகை உலர்ந்த காலத்தை. பச்சை மரத்தில் செய்த பெட்டி நாளடைவில் முறுக்கிக்கொள்ளும். பலகைகளை ஒன்றேகால் அங்குலக் கனத்துக்கு அறுத்து, இரு முனைகளிலும் சாயம் பூசி, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, ஒவ்வொரு பலகைக்கும் இடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து, நிழலில் அடுக்கினோம். முனையில் ஏன் சாயம் என்பார்க்கு: மரத்தின் ஈரம் பக்கவாட்டைவிட முனை வழியே மிக விரைவாக வெளியேறும், அப்படி முனை மட்டும் முந்திக் காய்ந்தால் அங்கே பிளவு விழுந்து உள்ளே ஓடும். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் கணக்கு. நம்முடைய வெயிலுக்கு அவ்வளவு வேண்டியதில்லை என்பாரும் உண்டு. இடையே கொரோனாக் காலம் வந்து எல்லாரையும் வீட்டோடு இருத்திவிட்டதால், மரம் தன் பாட்டில் காய்ந்துகொண்டிருந்தது. மில்லிலிருந்து வந்தபோது மஞ்சளைக் கரைத்து ஊற்றினாற்போல் இருந்த நிறம் மெல்ல மெல்லத் தேன்நிறமாயிற்று. பலா வைரத்தில் இயற்கையாகவே மஞ்சள் சாயம் உண்டு. இலங்கையிலும் பர்மாவிலும் பௌத்தத் துறவிகளின் ஆடைக்கு நிறமேற்ற அதன் சிராய்களைக் கொதிக்கவைத்தார்கள். தஞ்சாவூர் வீணையும் இம்மரத்தில்தான் செய்யப்படுகிறது.

இவ்விடைக்காலத்தில் உறவினர் பலரும் நமக்கு அறிவுரை கூறலாயினர். ஒருவர் காரைக்குடிக்கு அழைத்துச் சென்றார். செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்படும்போது வரும் பர்மாத் தேக்கை அங்கே வாங்கலாம். பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குள் இருந்த இராயவரம் போன்ற ஊர்களின் வீடுகளிலும் அந்தத் தேக்கு உண்டு. தூணும் நிலையும் கதவும் குவிந்து கிடந்த அந்தக் கடைகளைப் பார்க்கையில், ஒரு காலத்தில் கப்பலேறி வந்த மரம் இப்போது எடைபோட்டாற்போல் விற்கப்படுகிறதே என்னும் வருத்தமே மிகுந்தது. வாங்காமல் திரும்பினோம். இன்னொருவர், "பிளைவுட்டில் நான்கு நாளில் முடித்துவிடலாம், ஏன் இந்தத் தொல்லை?" என்றார். அது தவறான பேச்சன்று. ஒட்டுப்பலகை மழைக்கு ஊதாது, வெயிலுக்குச் சுருங்காது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் அதனையே செய்வது நல்லது. நம்மிடம் பலா இருந்தது என்பதுதான் நமக்கு இருந்த ஒரே நியாயம்.

2022ஆம் ஆண்டு மாசியில் வேலையைத் தொடங்க எண்ணினோம். அவ்வாண்டு ரமலான் ஏப்ரல் 3ஆம் நாள் தொடங்க இருந்தது, அதற்குள் முடியவேண்டும். சவூதியில் பணியாற்றும் நம் மகன் விடுமுறையில் வந்திருந்தான். அவன் அலைபேசியில் ஒரு வரைபடத்தோடு வந்தான். ஐந்தடி அகலம், மூன்றரை அடி உயரம், பத்து அங்குல ஆழம் என்னும் வெளியளவில் நமக்குள் வேறுபாடு இல்லை. வேறுபாடு உள்ளே இருந்தது. அவனுடைய படத்தில் நடுவில் 55 அங்குலத் தொலைக்காட்சி முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது. 55 என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் நான்கடி வரும். மேலே ஒரு தட்டு, அவ்வளவுதான்.

அப்போதுதான் அம்மா பேசினார்கள். "எனக்குள்ள அரைக்காலையும் இதுலதானே போடுறே? அப்ப வலப்பக்கத்துல ஒரு அறை என்னோடது. அதுல யாரும் கை வைக்கக்கூடாது."

அந்த அறை எதற்கு என்று கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அம்மாவின் டிரங்குப் பெட்டியில், ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள், பதினொரு கேசட்டுகள் இருக்கின்றன. 1983க்கும் 1989க்கும் இடையில் அத்தா தம்மாமிலிருந்து, ஊர் திரும்புவோர் கையில் கொடுத்தனுப்பியவை.

இளைய தலைமுறையினர் அறியாத செய்தி ஒன்றை ஈண்டுக் கூறவேண்டியுள்ளது. அம்மாவின் தலைமுறையைச் சேர்ந்த நம் பெண்மக்கள் பலர் குர்ஆனை ஓதுவார்கள். அறபுத்தமிழில் அச்சான மாலைகளையும் கிதாபுகளையும் சரளமாகப் படிப்பார்கள். ஆனால் தமிழெழுத்து அறியார். அத்தாவுக்கோ அறபுத்தமிழ் எழுதும் பழக்கம் இல்லை. ஆகவே அத்தா தமிழில் எழுதும் கடிதங்களை, பள்ளிச் சிறுவனாயிருந்த நாமே திண்ணையில் அமர்ந்து உரக்கப் படித்துக்காட்டுவோம். அடுத்த வீட்டுப் பெண்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கணவன் மனைவிக்கு எழுதும் கடிதத்தைப் பன்னிரண்டு வயது மகன் வாசிக்கும்போது, எழுதுபவர் என்ன எழுத முடியும்? "சலாம். நலம். பணம் அனுப்பியுள்ளேன். பிள்ளைகளை ஓதவை." இதற்குமேல் ஒன்றும் இராது. கேசட்டு வந்த பிறகுதான் நிலைமை மாறிற்று. ஒரு பக்கத்தில் எல்லாருக்கும் பெயர் சொல்லிச் சலாம், நலன் விசாரிப்பு, கொடுக்கல் வாங்கல். மறுபக்கத்தை அம்மா ஒருவர்தாம் கேட்பார்கள். அதுவும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு. அந்த மறுபக்கங்களில் என்ன இருக்கிறது என்பதை நாம் இன்றுவரை அறியோம். அறிய முற்பட்டதும் இல்லை.

மகன் தன் பாட்டியிடம் கூறினான்: "நன்னி, இப்ப யாரு கேசட்டு கேக்குறா? கொடுங்க, எல்லாத்தையும் போன்ல ஏத்தித் தர்றேன். பழுதாகாம இருக்கும்."

அம்மா சொன்னார்கள்: "முன்பக்கத்தை ஏத்திக் குடு, வேணாங்கல. பின்பக்கம் அப்படியே இருக்கட்டும்."

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு அலைபேசியில் இருந்த படத்தை அவனே திருத்தினான். 55 அங்குலம் போயிற்று. 32 அங்குலம் வந்தது. இந்த மாற்றத்துக்காக அவனை நாம் ஒரு சொல்லும் வற்புறுத்தவில்லை என்பதைப் பதிவுசெய்வது கடமை.

முடிவான அமைப்பு இது. மேலே முழு அகலத்துக்கும் பன்னிரண்டு அங்குல உயரத்தில் கதவிட்ட ஒரு தட்டு: குர்ஆன், தஃப்ஸீர், அத்தா பத்திரப்படுத்திய பழைய கிதாபுகள். அதன் கீழே இடப்பக்கம் 34 அங்குல அகலத்தில் தொலைக்காட்சிக்கு ஓர் அறை. அதற்கு இரட்டைக் கதவு. தொலைக்காட்சிக்குக் கதவு வேண்டுமென்றது அம்மாதான். அம்மா அதற்குப் பகையல்லர். ஹஜ்ஜுக் காட்சிகளை விடாமல் பார்ப்பார்கள். "பாக்காத நேரத்துல அது நம்மள பாத்துக்கிட்டு இருக்கவேணாம்" என்பது அவர்கள் வாதம். வலப்பக்கம் 23 அங்குல அகலத்தில் அம்மாவின் அறை: கீழே ஒலிநாடாப் பெட்டி, மேலே கேசட்டுகளுக்கு ஒரு சிறு தட்டு.

இனி ஆசாரியார். அறுபதைக் கடந்தவர், அத்தாவையும் அறிந்தவர். மின்சார இழைப்புக் கருவி வைத்திருந்தாலும், கடைசி இழைப்பைக் கை இழைப்புளியால்தான் செய்வார். மார்க்கச் சட்டத்தில் கண்ட அரைக்காலை அவரிடம் வேறொரு பெயரில் கண்டோம். அங்குலத்தில் எட்டில் ஒன்றை நம் தச்சர்கள் ஒரு நூல் என்கிறார்கள். அவர் வேலை முழுவதும் அந்த ஒரு நூலைச் சுற்றியே நடந்தது. முதுகுப்பலகையை நான்கு புறமும் பசையிட்டு ஆணியடித்து இறுக்கினால் பெட்டி உறுதியாக இருக்குமே என்று நாம் கேட்டபோது அவர் சொன்னார்: "பாய், இது பங்குனிக் காய்ச்சல்ல செய்யிற பெட்டி. ஐப்பசி அடைமழைக்கு ஒரு நூல் ஊதும். அந்த ஒரு நூலுக்கு இடம் விடலைன்னா மூலையில வாய் பிளந்துக்கும்."

மரம் நீளவாக்கில் ஏறத்தாழ அசைவதேயில்லை. அகலவாக்கில்தான் காற்றின் ஈரத்தை வாங்கி விரியும். வறட்சியில் அதை விட்டுச் சுருங்கும். ஓரடி அகலப் பலகை ஆண்டு முழுவதிலும் ஒரு நூல் அளவுக்குப் போய் வரலாம். இதனைத் தடுக்க எந்தப் பசையாலும் இயலாது. ஆதலின் பெட்டியின் நான்கு பக்கங்களையும் அவர் ஒரே போக்கில், எல்லாம் சேர்ந்து விரிந்து சேர்ந்து சுருங்குமாறு, புறாவின் வால்போல் விரிந்த பற்களால் கோத்தார். உளியும் கொட்டாப்புளியும் கொண்டு அந்தப் பற்களை வெட்ட மட்டும் மூன்று நாள்கள் ஆயின. முதுகுக்கு அரை அங்குலப் பலகைகளை ஒன்றோடொன்று நாக்கும் காடியுமாகச் சேர்த்து, சுற்றிலும் எடுத்த காடிக்குள் பசையின்றிச் செருகினார். ஒவ்வொரு பலகைக்கும் சிறிது இடைவெளி. கதவுகளும் அவ்வாறே: சட்டத்தைத் துளையும் நாக்குமாக இறுக்கி, நடுப்பலகையைச் சட்டத்துக்குள் இளக்கமாக விட்டார். தொலைக்காட்சி வெப்பம் விடும் பொருளாதலால் அந்த அறையின் அடியிலும் முதுகின் மேற்பகுதியிலும் காற்றுக்கு நீண்ட துளைகள் வைத்தார். மெருகுக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சால் ஒத்தி ஒத்தித் தேய்த்தார். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே தேய்ந்துபோன உப்புத்தாள். வண்ணம் ஏதும் சேர்க்கவில்லை. பலாவுக்கு வெளிச்சமே வண்ணம் கொடுக்கும்.

வேலை நடந்த நாள்களில் திண்ணை முழுதும் மஞ்சள் தூள். தெருப்பிள்ளைகள் சுருள் சுருளாக விழும் சிராய்களை மோதிரமாகவும் தாடியாகவும் அணிந்து திரிந்தார்கள்.

பெட்டி முடிந்தபின் பெருஞ்சிக்கல் சுவரிடம் இருந்தது. உலர்ந்த பலா கன அடிக்குச் சுமார் 17 கிலோ இருக்கும். பெட்டகத்தில் மூன்று கன அடிக்குச் சற்று அதிகமாகவே மரம் நின்றது. வெற்றுப் பெட்டியே 50 கிலோவைத் தாண்டிற்று. கிதாபுகளும் மற்றவையும் ஏறினால் 80க்கு மேல். நம் உறவினர் ஒருவர் இல்லத்தில் இதைவிட இலேசான ஒன்றைப் பிளாஸ்டிக் முளைகளில் திருகி மாட்டிவிட்டுப் போயினர். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காரையோடு பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, அடியில் யாரும் இல்லை. பழைய சுண்ணாம்புச் சுவரில் அத்தகைய முளைகள் பிடிப்பதில்லை. உள்ளே விரிந்து இறுகும் இரும்பு முளைகளோ மெத்தென்ற பழைய செங்கல்லையே பிளந்துவிடும்.

இங்கே கவனிக்கவேண்டியது, சுவரில் தொங்கும் பெட்டி கீழ்நோக்கி மட்டும் இழுப்பதில்லை. ஆழம் உள்ள பெட்டியாதலால் அதன் தலை சுவரைவிட்டு வெளியே சாயப் பார்க்கும். அடிப்பகுதி சுவரை அழுத்தும். எனவே பிடிப்பு எல்லாம் மேற்பகுதியில் வேண்டும். ஆசாரியார் ஒரு பலகையை நீளவாக்கில் சாய்வாக அறுத்து இரண்டாக்கினார். ஒரு பாதியைச் சரிவு மேல்நோக்கியும் சுவர்ப்பக்கம் தாழ்ந்தும் இருக்குமாறு சுவரில் பதித்தார். மறுபாதியைத் தலைகீழாகப் பெட்டியின் முதுகில் பொருத்தினார். பெட்டியைத் தூக்கி மேலே வைத்து இறக்கினால் சரிவும் சரிவும் கவ்விக்கொள்ளும். எவ்வளவு பாரம் ஏறுகிறதோ அவ்வளவுக்குப் பெட்டி சுவரோடு ஒட்டும். சுவரில் பதித்த பாதிக்கு, முழக் கனச் சுவரை முற்றிலும் துளைத்து, அரை அங்குலக் கம்பிகள் நான்கை மறுபுறம் வரை செலுத்தி, அங்கே கைப்பிடி அகல இரும்புத் தகடுகள் வைத்து மரையால் முடுக்கினோம். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, நான்கு பேராகப் பெட்டியைத் தூக்கி வைத்தோம். இறங்கி உட்கார்ந்தபோது எழுந்த ஓசை ஒரு பெருங்கதவு சாத்தியதைப்போல் இருந்தது. ஷஅபான் மாதத்தின் கடைசி வாரம் அது.

ஒலிநாடாக்களை வைப்பது குறித்தும் இரண்டொரு சொல். அத்தாவின் குரலை வைத்திருக்கும் இல்லங்கள் நமதைப்போல் இன்னும் பல இருக்கும் அல்லவா? அந்த நாடாவில் குரல் காந்தப்பதிவாக இருக்கிறது. ஒலிபெருக்கிக்குப் பின்னால் பெரிய காந்தம் உண்டு. அதன்மேல் கேசட்டை வைக்கலாகாது. ஒரு சாண் தள்ளியிருந்தால் போதும். படுக்கவைக்காமல் புத்தகம்போல் நிறுத்திவைக்கவேண்டும். வெயில் படும் சுவரும், ஓதம் ஏறும் சுவரும் ஆகா. நாடாவில் வெண்பூஞ்சை பிடித்திருந்தால் அதனை ஓடவிடாமல் முதலில் துடைத்தறிந்தவரிடம் கொடுக்கவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழுதும் ஓட்டித் திரும்பச் சுற்றிவைத்தால், சுருளில் அடுத்தடுத்து ஒட்டிக் கிடக்கும் பதிவு ஒன்றின்மேல் ஒன்று ஏறி எதிரொலிபோல் கேட்பது குறையும். ஓட்டும் பெட்டியின் ரப்பர் வாரும் நாளடைவில் இளகிப்போவது. திருத்துவோர் அருகி வருவதால் நாம் இரண்டு வார்களை வாங்கிக் கேசட்டுகளின் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். முன்பக்கங்களை மகன் வாக்களித்தவாறே பிரதி எடுத்துவிட்டான். ராத்தாவும் தங்கையும் அவற்றைத் தம் அலைபேசிகளில் கேட்கிறார்கள். அவற்றுள் ஒன்றில் அத்தா, "தோப்புல பலா காய்ச்சிருக்கா?" என்று கேட்கிறார்கள். தங்கை அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டதாகச் சொன்னாள்.

அவ்வாண்டு ஐப்பசியில் அடைமழை தொடங்கிய பத்தாம் நாள், தொலைக்காட்சி அறையின் இடக்கதவு சற்றே உரசியது. ஆசாரியாருக்கு ஆள் அனுப்பினோம். அவர் வரவில்லை, "தை பிறக்கட்டும்" என்று சொல்லியனுப்பினார். தையில் கதவு தானே சரியாயிற்று. மூலைகளில் ஒன்றும் வாய் பிளக்கவில்லை.

சகோதரிகளின் பலகைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. ராத்தா தமக்குரிய இரண்டு கன அடியில் ஓர் ஊஞ்சல் பலகை செய்து, புதுக்கோட்டையில் உள்ள தம் வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். மிஞ்சிய துண்டு ஒன்றில், ஆணியும் பசையும் இன்றி ஒரே பலகையை ஊடறுத்து விரிக்கும் ரைஹால் ஒன்றை ஆசாரியார் கூலி வாங்காமல் செய்து கொடுத்தார். தங்கை தன் பங்கை என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. மகள் வீடு கட்டும்போது பார்க்கலாம் என்கிறாள். அவளுடைய பலகைகள் நம் வீட்டின் பின்னறையில், சுவரில் தெரியும் அந்த நான்கு இரும்புத் தகடுகளுக்குக் கீழே, குச்சியிட்டு அடுக்கியபடியே இருக்கின்றன. அவள் பெயரைச் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்திருக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை, தையில், அவற்றைப் புரட்டி அடுக்குகிறோம்.